சி நாற்பத்தொன்பது

கொட்டாஞ்சேனையில் எங்கள் லேனில் விடியற்காலை முதலில் கேட்பது ஜெயராணியின் இடியப்ப உரல் சத்தம். மூன்று கடைகளுக்கு முந்நூற்றைம்பது இடியப்பம். மாவைக் குழைத்து, உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுகளை அடுக்கி அவித்து இறக்குவதற்குள் அவள் சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். வைகாசி மழை தொடங்கிவிட்டால் கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆவி வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

அந்த வீட்டில் மூன்று பேர்தான். புருஷனை இழந்த ஜெயராணி, அவளுடைய தம்பி ஜீவராஜ், தம்பி பெண்டாட்டி நிரோஷா. ஜீவராஜ் டைல் பாஸ். பாஸ் என்றால் முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் கைவேலை தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பெயர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து எழும்பியிருக்கும் ஃபிளாட்டுகளில் எத்தனை குளியலறைத் தரைகள் அவன் முழங்காலில் நின்று ஒட்டியவை என்று அவனுக்கே தெரியாது.

நிரோஷாவின் வேலைதான் எங்கள் லேனுக்கு விளங்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் குளிரூட்டிய ஒரு ஒஃபிசில் உட்கார்ந்து நோய்களுக்கு நம்பர் போடுகிறாளாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டொக்டர்மார் எழுதுகிற குறிப்புகள் கம்பியூட்டரில் இங்கே வரும். அவள் வாசித்து, இன்ன நோய் என்று கண்டுபிடித்து, அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் பெட்டிக்குள் போட்டுத் திருப்பி அனுப்புவாள். "அப்ப பிரஷருக்கு என்ன நம்பர் பிள்ளை?" என்று பக்கத்து வீட்டு நாகேந்திரம் மாஸ்டர் ஒருநாள் கேட்டார். அவள் சொன்ன நம்பருக்கு லொத்தர் டிக்கட் வாங்கினார். விழவில்லை. அதோடு லேன் அவள் வேலையை மறந்துவிட்டது.

ஆனால் அவள் கெட்டிக்காரி. ஐந்து வருஷமாக அவளுக்கு மூட்டு நோய்கள்தான் பகுதி. மூட்டுக்கு உள்ளே வழுவழுவென்று ஒரு சவ்வு இருக்கிறது, அது வீங்கும், தடிக்கும், முடிச்சு விழும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. பெரும்பாலும் எம் என்ற எழுத்தில் தொடங்கும். எம் என்றால் எலும்பு, மூட்டு, தசை. சி என்றால் புற்றுநோய். முதல் வாரப் பயிற்சியிலேயே அவர்கள் மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: டொக்டர் சந்தேகப்படுவதை எழுதாதே. "அதுவாக இருக்குமோ" என்று அவர் எழுதியிருந்தால், அது இல்லை என்று வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தை மட்டும் எழுது. லேப் ரிப்போட் கையில் இல்லாமல் சி என்ற எழுத்தைத் தொடாதே.

இந்தச் சட்டத்தை அவள் நம்பினாள். சாமி கும்பிடுகிற மாதிரி நம்பினாள். அவளைப் பிடித்து ஆட்டியது அந்த நம்பிக்கைதான்.

ஜீவராஜின் இடது முழங்கால் தைப்பொங்கலோடு வீங்கத் தொடங்கியது. டைல்காரனுக்கு முழங்கால் வீங்காமல் வேறென்ன வீங்கும் என்று அவனே சிரித்தான். எண்ணெய் தேய்த்தான். சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டான். சித்திரையில் வீக்கம் ஒரு சின்னத் தேங்காய் அளவுக்கு வந்தபோது நிரோஷா பிடிவாதமாகக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் வரதராசா அமுக்கிப் பார்த்தார், தண்ணீர் எடுத்தார். வந்தது இரத்தம் கலந்த பழுப்புத் தண்ணீர். புதன்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஊசியால் உள்சவ்வில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வியாழன் ரிசல்ட் என்றார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம், வேலை முடிந்து வரும் வழியில், நிரோஷா கிளினிக் கவுண்டரில் இன்சூரன்ஸ் ஃபோமை வாங்கினாள். அவளுடைய கம்பனி கொடுக்கிற இன்சூரன்ஸ், புருஷனுக்கும் சேரும். பஸ்ஸில் சீட் கிடைத்தது. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சும்மா ஒரு பழக்கத்தில் ஃபோமைப் பிரித்து, நோய் எழுதும் பெட்டியைப் பார்த்தாள்.

சி நாற்பத்தொன்பது, புள்ளி, இரண்டு.

அந்த எண்ணை அவளுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். காலின் மென்தசையில் வரும் புற்று. மூட்டுச் சவ்வை ஒட்டி வருகிற கெட்ட கட்டிக்கும் அதே இடம்தான். கோட்டை நிறுத்தத்தில் ஏறிய சனம் அவள் தோளில் குடைத் தண்ணீரை வடித்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ரிசல்ட் வந்துவிட்டது, வியாழன் வரைக்கும் நம்மிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். லேப் ரிப்போட் இல்லாமல் யாராவது சி போடுவார்களா? இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் மட்டக்குளி வரை போய், அங்கிருந்து மழையில் திரும்பி வந்தாள்.

"ஏன்டி இப்புடி நனஞ்சு வாற? குடை இல்லயா?" என்றாள் ஜெயராணி.

"இருக்குது அண்ணி. விரிக்கல."

"விரிக்காத குடைய எதுக்குத் தூக்கிட்டுத் திரியிற? தலயத் தொவட்டு. இஞ்சி போட்டு பிளேன்டீ வச்சிருக்கேன்."

ஜீவராஜ் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். "அந்தக் கடுதாசி கெடச்சிச்சா? என்னா போட்டிருக்கு?"

"வீக்கம்னு போட்டிருக்கு."

"அதுக்கு எதுக்கு இம்பூட்டு நாளு? வீக்கம்னு எனக்கே தெரியுமே" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய் அது என்று பின்னால் எங்களிடம் சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்கு நித்திரை வரவில்லை. காலை எடுப்பார்களா, எங்கே வெட்டுவார்கள், நெஞ்சுக்குப் பரவியிருக்குமா? அவள் ஆயிரக்கணக்கான கோப்புகள் வாசித்தவள். ஒவ்வொரு கோப்பும் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இருக்கிற சின்ன நிம்மதிகூட அவளுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கொழும்பில் எல்லாச் சாதி மதமும் போகும். ஜெயராணி மாரியம்மனுக்கும் போவாள், அந்தோனியாருக்கும் போவாள், யாரையும் விடமாட்டாள். மறுநாள் செவ்வாய், தம்பி காலுக்கு நேர்த்தி வைக்க வேலை முடிந்து வந்த நிரோஷாவையும் இழுத்துப்போனாள். மெழுகுதிரியின் சூடு, பூ வாடை, நனைந்த சனம். சொரூபத்தின் கண்ணாடியில் கையை வைத்தபோது நிரோஷாவுக்கு வேண்டுதலாக வந்தது இவ்வளவுதான்: "அந்த சி-ய எம்-மா மாத்திக் குடுங்க சாமி. எம் எதா இருந்தாலும் பரவால்ல. எம்-ல மோசமானதக்கூடக் குடுங்க." அந்தோனியாருக்கு இன்சூரன்ஸ் ஃபோம் வாசிக்கத் தெரியுமோ என்னவோ. தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர், இதையும் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"என்னா கேட்ட?" என்றாள் ஜெயராணி, வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே.

"கால் நல்லாவணும்னு கேட்டேன்."

"ஒன் மொகம் சரியில்ல நிரோ. நேத்துலருந்து நீ ஒரு இடியப்பம் திங்கல. எங்கிட்ட மறைக்கிற."

"தலவலி அண்ணி."

"ரெண்டு நாளாவா தலவலிக்கும்?" ஜெயராணி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் வீடு வரும்வரை நிரோஷாவின் கையை விடவும் இல்லை.

புதன் காலை, சொதி கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜீவராஜ் வேலைக்குப் போக எழும்பினான். வெள்ளவத்தையில் ஆறாம் மாடிக் குளியலறை ஒன்று பாதியில் நிற்கிறது, சுவரோரத்தில் இரண்டு வரி ஒட்டினால் முடிந்துவிடும் என்றான். இடது காலை ஊன்றினான். முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு போகாதீங்க" என்றாள் நிரோஷா.

"இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. எப்பவோ ஒருநாள் முட்டி போடத்தானே வேணும். நின்னுகிட்டு டைல் ஒட்ட ஏலுமா?" அவன் அவளைப் பார்த்தான். "நிரோ, கால எடுக்கிற மாதிரின்னா சொல்லிரு. நான் என்னா சின்னப்புள்ளயா? ரெண்டு நாளா நீ என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிற. காலத்தான் பாக்கிற."

அவள் அழுதாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, வாயைப் பொத்தியும் நிற்காமல் அழுதாள். ஜெயராணி அகப்பையோடு ஓடிவந்தாள். நிரோஷா ஃபோமை எடுத்து விரித்து, அந்தப் பெட்டியைக் காட்டி, இந்த எழுத்துக்கு இதுதான் அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் சொன்னாள். சொதி பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஜெயராணிதான் முதலில் உட்கார்ந்தாள், தரையிலேயே. "எந்தம்பிக்கா? எந்தம்பிக்கா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீவராஜ் ஃபோமை வாங்கிப் பார்த்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது. பெட்டிக்குள் இருந்த எழுத்தை விரலால் தடவினான். அவன் கேட்ட கேள்வி டைல்காரனின் கேள்வி.

"இத யாரு போட்டா?"

"யாரு போட்டா என்னங்க? போட்டாச்சு."

"இல்ல நிரோ. தரை கோணலா இருந்தா நாங்க டைலப் பாக்க மாட்டோம். நூல் புடிச்சது யாருன்னு கேப்போம். இது டொக்டர் கையெழுத்தா?"

அவள் பார்த்தாள். டொக்டரின் கையெழுத்து கீழே இருந்தது, கோழி கிளறின மாதிரி. பெட்டிக்குள் இருந்ததோ உருண்டையான, அழகான, பழைய பள்ளிக்கூட எழுத்து. இரண்டு நாளாக அவள் அந்த எண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். எழுத்தைப் பார்க்கவில்லை.

த்ரீவீலரில் நிரோஷாவும் ஜீவராஜும் போனார்கள். கிளினிக் கவுண்டரில் ஹியூபேட் இருந்தார். அறுபது வயதுக்கு மேல், கழுத்தில் அந்தோனியார் பதக்கம், வெள்ளைச் சேர்ட்டின் பையில் மூன்று பேனை. இருபது வருஷமாக அந்தக் கவுண்டரில் ஃபோம் நிரப்புகிறவர்.

"ஓம் மகள், இது என்ர எழுத்துத்தான். என்ன பிழை?"

"லேப் ரிசல்ட் வந்திருச்சா?"

"இன்னும் வரேல்லயே. நாளைக்குத்தானே வரும்."

"அப்ப எதப் பாத்து இத போட்டீங்க?" குரல் உயர்ந்தது. மருந்துக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

ஹியூபேட் கோப்பை எடுத்து, டொக்டரின் குறிப்பைக் காட்டினார். ஜீவராஜின் பெயருக்குக் கீழே வீக்கம் என்று இருந்தது. அதற்குக் கீழே அந்தப் புற்றின் பெயரும், முன்னால் ஒரு கேள்விக்குறியும். எங்கள் ஊர் டொக்டர்மார் சந்தேகத்தை அப்படித்தான் எழுதுவார்கள். இருக்குமோ, இல்லையோ, பார்க்கவேண்டும் என்று அர்த்தம்.

"டொக்டர் சந்தேகம் எண்டுதான் எழுதியிருக்கிறார்" என்றார் ஹியூபேட். "ஆனா இந்தப் பெட்டிக்குள்ள சந்தேகத்துக்கு நம்பர் இல்ல மகள். வெறும் வீக்கம் எண்டு போட்டா, வீக்கத்துக்கு எதுக்கு ஸ்கேன் எண்டு கம்பனிக்காரன் திருப்பி அனுப்புவான். பெரிசாப் போட்டா உடன பாஸ் பண்ணுவான். நான் எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறனான். நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கா? நாங்க வீட்டுல செத்துக்கிட்டு இருக்கோம். திங்கக்கெழமையிலருந்து நான் தூங்கல. இவரு காலத் தொட்டுப் பாக்க எனக்குப் பயம். ஒரு எழுத்தப் போட முன்ன, இந்தக் கால் ஒரு மனுஷனோடதுன்னு யோசிக்க மாட்டீங்களா?"

ஹியூபேட்டின் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஆளைக் காணுறேல்ல மகள். பேப்பரைத்தான் காணுறன்" என்றார் மெதுவாக. "ஆக்கள் இந்த நம்பர வாசிப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் வாசிக்கிறேல்ல."

அவள் இன்னும் சொல்லியிருப்பாள். ஜீவராஜ் அவள் தோளைத் தொட்டான். "விடு நிரோ. பெரியவரு. அப்ப இன்னும் ஒண்ணும் தெரியாது, அப்படித்தானே? தெரியாதுன்னா தெரியாதுதான்."

தெரியாது என்பது இவ்வளவு பெரிய வரம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பயம் போகவில்லை. கேள்விக்குறி இன்னும் நின்றது. வியாழன் பின்னேரம் மூன்று பேரும் டொக்டரின் அறை வாசலில் நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். ஜெயராணி அன்றைக்கு ஒரு கடைக்கும் இடியப்பம் கொடுக்கவில்லை. அது எங்கள் லேனில் பெரிய செய்தி.

டொக்டர் வரதராசா ரிப்போட்டை இரண்டு தரம் வாசித்தார். "புற்று இல்லை" என்றார். "முதல்ல அதைச் சொல்லிப்போடுறன். மூட்டின்ர உள்சவ்வு தடிச்சு, பழுப்பு நிறத்தில முடிச்சு முடிச்சா வளந்திருக்கு. கெட்ட சாமான் இல்லை. ஆனா சும்மா விடேலாது. ஒப்பரேஷன் செய்து வழிச்சு எடுக்கவேணும். திரும்ப வரவும் கூடும், அதால வருஷா வருஷம் பாக்கவேணும். ஆறு மாசத்துக்கு முழங்கால் ஊண்டக் கூடாது."

"எம்-தானே டொக்டர்?" என்றாள் நிரோஷா. "எம் பன்னிரண்டு?"

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் ஜீவராஜின் முழங்காலில் கையை வைத்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அதைத் தொட்டாள். ஜெயராணி நேரே கொச்சிக்கடைக்குப் போனாள், செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று. ஆறு மாசம் என்னா செய்வேன் என்று ஜீவராஜ் கேட்டபோது, "இடியப்பம் புழி, அதுக்கு முட்டி போடத் தேவல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை நிரோஷா வேலைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. பையில் ஜெயராணி கட்டித் தந்த இடியப்பமும் கட்டைச் சம்பலும். பக்கத்து மேசை ஷபீகாவுக்கும் சேர்த்துத்தான். ஷபீகா, இவர்கள் போட்டு அனுப்பும் எண்களைத் திருப்பிப் பார்த்துப் பிழை பிடிக்கிறவள். ஐந்து வருஷச் சிநேகிதி. அவளிடம் முழுக்கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஹியூபேட்டின் மூன்று பேனையைச் சொன்னாள், உருண்டை எழுத்தைச் சொன்னாள்.

"யோசிச்சுப் பாரு ஷபீகா. சந்தேகத்துக்கு சி போட்டிருக்காரு மனுஷன்! இருவது வருஷமா! நம்ம ஒஃபிசா இருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. நான் நல்லாக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

ஷபீகா சிரிக்கவில்லை. இடியப்பப் பார்சலைப் பிரிக்கவும் இல்லை.

"அல்லாஹ் காப்பாத்தினான் ஒங்கட மாப்பிள்ளய" என்றாள். பிறகு, "நிரோஷா, போன பொதன்கெழம நீங்க வெள்ளன போன தானே? ஸ்கேனுக்கு."

"ஆமா. ரெண்டு மணிக்கு. ஏன்?"

"போக முந்தி கடைசியா அஞ்சு ஃபைல் அவசரமா முடிச்சீங்க. அதுல ஒண்டு எனக்கு செக் பண்ண வந்தீக்கிது. நேத்துத்தான் பாத்த. நீங்க லீவு எண்டு சொல்லல்ல." தன் திரையை மெதுவாகத் திருப்பினாள்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண். ஏதோ ஒரு பனி ஊரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். வலது முழங்கால் வீக்கம். புற்று என்பது சந்தேகம் மட்டுமே, பார்க்கவேண்டும் என்று டொக்டர் தெளிவாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே பெட்டிக்குள் சி நாற்பத்தொன்பது. பக்கத்தில் நிரோஷாவின் பெயர்.

"இது நான் போடல" என்றாள் நிரோஷா. பிறகு தன் பெயரை இன்னொரு தரம் வாசித்தாள். அந்தப் பெண்ணின் முழங்கால் அவளுக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு ஒன்றே முக்காலுக்கு த்ரீவீலர் வருமா வராதா என்பதுதான் ஞாபகம் இருந்தது.

"ஒரு பிழதான். எல்லாருக்கும் வரும்" என்றாள் ஷபீகா. "ஆனா கீழயும் பாருங்க."

கீழே, இரண்டு நாள் கழித்து, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிய குறிப்பு இருந்தது. அந்த நாட்டில் நோயாளி தன் கோப்பைத் தன் போனிலேயே பார்க்கலாம். நோயாளி அழுதுகொண்டு அழைத்தார், என்று நர்ஸ் எழுதியிருந்தாள். போனில் ஒரு எழுத்தையும் எண்ணையும் கண்டு, அது என்னவென்று தேடிப் பார்த்திருக்கிறார். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கிறார். டொக்டர் லீவில் இருக்கிறார், பதினெட்டாம் தேதி வரை பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டது.

நிரோஷா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். பதினெட்டுக்கு இன்னும் ஐந்து நாள்.

அவள் உட்கார்ந்து பிழை அறிக்கையைத் திறந்தாள். தன் பெயரைத் தானே எழுதினாள். சி-யை அழித்து, வலது முழங்கால் வீக்கம் என்பதற்குரிய எம் எண்ணைப் போட்டாள். அவசரம் என்ற இடத்தில் குறி போட்டாள். கீழே, எழுதக் கூடாத இடத்தில், தயவுசெய்து நோயாளியிடம் இன்றைக்கே சொல்லுங்கள் என்றும் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, ஹியூபேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது ஞாபகம் வந்தது.

"அங்க இப்ப எத்தன மணி?" என்று கேட்டாள்.

ஷபீகா கணக்குப் பார்த்தாள். "நடுச்சாமம் பிந்தியீக்கும். விடிஞ்சாப் பொறகுதான் பாப்பாங்க. நீங்க யோசிக்க வாணாம், அவ இப்ப நல்லா ஒறங்கிட்டு ஈப்பா."

"இல்ல ஷபீகா" என்றாள் நிரோஷா. "அவ தூங்கியிருக்க மாட்டா."